ஈஆர்பி ஆலோசகரிடம் முதலில் இலைக் கணக்கைக் கேளுங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிற பேக்டரிக்கு ஈஆர்பி, அதாவது கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் பார்க்கிற சாஃப்ட்வேர் போட ஆள் தேடுறீங்களா? சர்டிஃபிகேட்டை அப்புறம் பாருங்க. முதல் கேள்வி இது: "ஜூன்ல வாங்கின இலைக்கு விலை எப்போ முடிவாகும்?" 'பில் போடும்போதே' என்றால் டீ கொடுத்து அனுப்பிடலாம்.

இலை வந்த அன்னைக்கு எடை மட்டும்தான் உறுதி. ஏல சராசரியை வச்சு, 65:35 பங்கீட்டில் (65 விவசாயிக்கு, 35 பேக்டரிக்கு), தேயிலை வாரியம் மாசாமாசம் குறைந்தபட்ச விலை அறிவிக்கும். நடுவுல முன்பணம், உரக்கடன், வண்டி வாடகைன்னு ஆளுக்கொரு கணக்கு ஓடும். விலை வந்ததும் அந்த மாச ரசீது ஒவ்வொன்றுக்கும் வித்தியாசத் தொகை தனி வரவாக ஏறணும். துணிக்கடைக்கு சாஃப்ட்வேர் போட்டுப் பழகினவர் ரசீதை மூடிப் பூட்டிடுவார்; கிளார்க் தனியா எக்செல் வச்சுக்குவார். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கினது அதோட சரி!

மழைக்காலத்தில் மொத்த எடை, ஈரக் கழிவு (இலை ஈரத்துக்காகக் கழிக்கிற எடை), நிகர எடை மூணும் தனித்தனியாப் பதிவாகணும். 100 கிலோவில் 8 கழிச்சு 92 மட்டும் ஏத்தினா, விவசாயி கேட்கும்போது காட்ட ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, சுமார் 4 முதல் 4½ கிலோ இலைக்கு 1 கிலோ தூள். ஒரே அரைப்பில் பிபி (புரோக்கன் பீக்கோ), டஸ்ட்டுன்னு பல கிரேடு. அடக்கவிலையை எடையில் மட்டும் பிரிச்சா மட்ட ரகம் நஷ்டமாகவும் நல்ல ரகம் கொள்ளை லாபமாகவும் தெரியும். விற்பனை மதிப்பில் பிரிக்கத் தெரியுமான்னு கேளுங்க.

டெமோவுக்கு அவங்க மாதிரி டேட்டா வேண்டாம். உங்களுக்கு இலை சேர்த்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்ட்டோட போன மாசத் துண்டுச்சீட்டுக் கட்டைக் கொடுத்து, அதை ஏத்திக் காட்டச் சொல்லுங்க.