மைனரின் பின்பக்கம்: முதலில் 2 அங்குலம், பிறகு ஒன்றேகால்

என் 1958 மாடல் மாரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தைப் போன வருடமே கொஞ்சம் இறக்கிவிட்டேன். அங்கே இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி. அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் வேலை முடிந்தது. அதிலிருந்து வண்டி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

பின்னால் ஸ்பிரிங் பட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். ஒரு பட்டையை உருவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "வேணாம் தம்பி, கிளட்ச் விட்டதும் அச்சு முறுக்கித் துள்ளும்" என்றார் மெக்கானிக் அண்ணன். அவர் சொன்னது சரி. மைனரில் அந்த அச்சைப் பிடித்து நிறுத்துவதே பட்டைகள்தான், மெலிந்தால் தாங்காது.

அதனால் கட்டை வைப்பது என்று முடிவு செய்தேன். மைனரில் அச்சு மேலே, பட்டை கீழே. நடுவே இரும்புக் கட்டை வைத்தால் அதன் உயரம் அளவுக்குப் பாடி இறங்கும். லேத்தில் 2 அங்குலத்தில் இரண்டு கட்டை கடைந்து வாங்கினேன். கட்டையின் அடியில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை உட்கார ஒரு குழி, மேலே அச்சின் துளைக்குள் இறங்க ஒரு குமிழ். இவை இல்லாவிட்டால் அச்சு நகர்ந்துவிடும். அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும்.

பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனி ஜாக்கியில் தாங்கிக்கொண்டு மாட்டினேன். ஷாக் அப்சார்பர் கை கோணம் மாறிவிடுமோ என்று பயந்தேன், மாறவில்லை. அதன் கீழ் இணைப்பு பட்டைக்கு அடியில் உள்ள தகட்டில் இருக்கிறது. பட்டைக்கும் பாடிக்கும் உள்ள தூரம் பழையபடியே இருக்கிறதே! குனிந்து பார்த்து இது புரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பின்சீட்டில் அம்மாவும் அத்தையும் உட்கார, முதல் வேகத்தடையிலேயே 'டக்'. அச்சு மேலே போய், அது பாடியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ரப்பரில் இடித்தது. அச்சு பாடியை நெருங்கிய 2 அங்குலமும் இந்த இடைவெளியிலிருந்து போனதுதான். ரப்பரை அறுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனமில்லை, இரும்பும் இரும்பும் மோதும்.

மறுபடி லேத். கட்டையை ஒன்றேகால் அங்குலமாகக் குறைத்தேன். சக்கரங்கள் தரையில் நின்று எடை இறங்கியபின் யூ போல்ட் நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். 200 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் நான்கு நட்டுகள் கால் சுற்று இறுகின. நால்வரோடு அதே வேகத்தடை, சத்தமில்லை. இடப்பக்கம் இன்னும் 12 மில்லிமீட்டர் தாழ்வு. அது தளர்ந்த பட்டை, அடுத்து அதைக் கழற்ற வேண்டும்.