போஸ்டர் அடிக்கும் முன்

நாளை மறுநாள் கருத்தரங்கு. ஜூனியர் ஒருத்தி, தன் ஆய்வைச் சொல்லி அங்கே மாட்டப்போகும் போஸ்டரை நேற்று காட்டினாள். ஏ0 அளவு, 841 × 1189 மில்லிமீட்டர். அவ்வளவு இடத்திலும் கட்டுரையின் பத்திகள். எட்டு மாத ஆய்வகப் பாடு, எதையும் விட மனசு வராது. எனக்கும் முதல்முறை அப்படித்தான் இருந்தது.

இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். 2019-இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் காட்டிய வழிதான்: முக்கியமான முடிவு ஒரே வாக்கியமாக, எளிய நடையில், நடுவில் பெரிதாக. முழு விவரத்துக்கு கியூஆர் கோடு. அந்த ஒரு வாக்கியம் அமையவே ராத்திரி பத்து மணி ஆயிற்று. ஆய்வு அவளுக்கே அப்போதுதான் தெளிவானது என்று நினைக்கிறேன்.

வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து வேண்டாம். நிறக்குறைபாடு உள்ள பலருக்குப் பிரித்தறிய முடியாது. கடையில் கொடுக்கும் முன் முழு போஸ்டரையும் ஏ4 தாளில் சுருக்கி ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அதில் படிக்க முடியாத எழுத்தைக் கருத்தரங்கில் போஸ்டர் முன் நின்றும் யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போது பிரிண்ட் கடையில் நிற்கிறாளாம்.