பெயர் பதிய மறுத்த மெய்நிகர் கணினி

மார்ச் 4, செவ்வாய்
கிளவுடில் பழைய மெய்நிகர் கணினியை நீக்கி, டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) அதன் கணக்கையும் அழித்துவிட்டு, அதே பெயரில் புதியதை எழுப்பியிருக்கிறோம். எல்லாம் ஓடுகிறது. ஆனால் பெயரைக் கேட்டால், பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் இன்னும் பழைய ஐபி முகவரியையே தருகிறது.

டிஎன்எஸ்ஸில் கணினியின் பெயரையும் முகவரியையும் மீண்டும் பதியும் கட்டளையைக் கொடுத்தேன். பதிவு தொடங்கிவிட்டது, பிழை இருந்தால் 15 நிமிடங்களில் நிகழ்வுப் பதிவேட்டில் வரும் என்றது விண்டோஸ். இந்தச் செய்தியைப் பார்த்ததும் வேலை முடிந்ததாக எண்ணிப் பலர் எழுந்துவிடுகிறார்கள். பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பார்த்தேன், டிஎன்எஸ் சர்வர் மறுத்திருந்தது.

மார்ச் 5, புதன்
கணினி எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது என்று பார்த்தேன். கிளவுடின் பொது டிஎன்எஸ்ஸைக் கேட்டால் டொமைனில் பெயர் பதியாது. இங்கே டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கண்ட்ரோலர்களின் முகவரிகளே இருந்தன. கடிகாரமும் சரி, டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

மார்ச் 6, வியாழன்
வலையமைப்புப் போக்குவரத்தைப் பிடித்துப் பார்த்தபோது கதை தெளிந்தது. கையொப்பமில்லாத முதல் கோரிக்கைக்கு மறுப்பு. பாதுகாப்பான பதிவை மட்டும் ஏற்கும் மண்டலத்தில் (டிஎன்எஸ்ஸில் பெயர்ப் பதிவுகளின் ஒரு தொகுப்பு) அது இயல்பு. அதைக் கண்டு அலைய வேண்டாம். அடுத்து கையொப்பமிடுவதற்கான சாவிப் பரிமாற்றம் ஒழுங்காக நடந்து, கையொப்பமிட்ட கோரிக்கை போனது. அதற்கும் மறுப்பு. அப்படியானால் சர்வர் இந்தக் கணினியை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது, அனுமதிதான் இல்லை.

டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு இருந்த பதிவின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். எழுதும் உரிமை ‘அறியப்படாத கணக்கு’ என்ற ஒன்றிடம். அருகில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். அழிக்கப்பட்ட பழைய கணக்கு! பெயர் ஒன்றே என்றாலும் புதிய கணக்குக்கு அடையாள எண் வேறு.

பாதுகாப்பற்ற பதிவையும் அனுமதித்துவிடலாம் என்றார் சக ஊழியர் ஒருவர். கூடவே கூடாது. அதன்பின் வலையமைப்பில் இருக்கும் எவரும் எந்தப் பெயரையும் தம் முகவரிக்குத் திருப்பிக்கொள்ள முடியும்.

மார்ச் 7, வெள்ளி
பழைய பதிவை அழித்து, கட்டளையை மீண்டும் கொடுத்தேன். புதிய முகவரி பதிந்தது. உரிமையும் புதிய கணக்கிடம். சில கணினிகள் பழைய விடையைத் தற்காலிக நினைவில் வைத்திருந்தன. விண்டோஸ் தானாகப் பதியும் முகவரிக்கு ஆயுள் 20 நிமிடம், அதுவரை விட்டுவிட்டேன். முகவரியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் தலைகீழ்த் தேடல் மண்டலத்திலும் பழைய பதிவு கிடந்தது, அதையும் நீக்கினேன்.

பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் வசதியை நாமே இயக்கினால்தான் உண்டு. இயக்கினாலும் அதன் இயல்பான கெடு, புதுப்பிப்பை ஏற்காத 7 நாளும் அதன்பின் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் 7 நாளும். எனவே கணினியை நீக்கும் ஸ்கிரிப்டிலேயே இரு பதிவுகளையும் அழிக்கும் படியைச் சேர்த்துவிட்டேன்.