ஏ9இல் ஒரு முடிவில்லா ஓட்டம்: ஆறாம் கிழமை

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 றோட்டை வைத்து, முடிவில்லாமல் ஓடுகிற ஒரு போன் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஓமந்தையில் வெளிக்கிடுகிற பெடியன் ஒருவழியாக முறிகண்டி வரை வந்துவிட்டான். இந்த ஆறு கிழமையும் வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணித்தியாலம், ஞாயிறுகளில் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் நேரம் கிடைத்தது.

தொடங்கியதற்குக் காரணம் அக்காவின் மகன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவனுக்கு சப்வே சேர்ஃபர்ஸ். எனக்கு அந்த வயதில்லை என்றாலும் 2011இல் வந்த டெம்பிள் ரன்னை விடாமல் விளையாடியவன் நான். ஒரு விரல் போதும், விளக்கம் தேவையில்லை, விழுந்த அடுத்த கணமே திரும்ப ஓடலாம். இந்த வகை விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். அந்த முடியாத பாதையை எங்கட ஏ9 ஆக்கிப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது.

செய்வது கோடோ என்கிற, விளையாட்டுகள் உருவாக்கும் மென்பொருளில். இலவசம், ஒருக்கால் இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம், என் பழைய மடிக்கணினியும் தாங்குகிறது.

முதல் கிழமையே ஒரு பிழை. பாதையை ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதிதாக வரையப்படும்போது, 7 பிக்சல் நகர்த்தும்படி எழுதியிருந்தேன். மடிக்கணினியில் நொடிக்கு 60 பிரேம், ஆக 420 பிக்சல். மருமகனின் போனில் 30 பிரேம்தான் வந்தது, பெடியன் பாதி வேகத்தில் நடந்துபோனான். வேகத்தை பிரேமில் எழுதாமல் நொடியில் எழுதி, கடந்த நேரத்தால் பெருக்கியபின் இரண்டிலும் ஒரே ஓட்டம். இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது: பெடியன் ஓடத் தேவையில்லை. அவன் திரையில் ஒரே இடத்தில் நிற்கிறான். றோட்டும் பாலை மரங்களும் பின்னால் போகின்றன, திரையை விட்டு வெளியேறிய துண்டை எடுத்து முன்னால் கொண்டுபோய் ஒட்டினால் சரி. ஐந்தாறு துண்டுகளிலேயே முடிவில்லாத றோட்டு கிடைத்துவிடும்.

நான் அதிகம் மினைக்கெட்டது மாடுகளோடு. ஏ9இல் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், நடு றோட்டில் படுத்திருக்கும். விளையாட்டிலும் மாட்டைப் பாய்ந்து கடக்கவேண்டும். இடைவெளியை எழுந்தமானமாக விட்டிருந்தேன். மெதுவாக ஓடும்போது பிரச்சினை இல்லை. வேகம் 900 பிக்சலுக்குப் போனதும் மருமகன் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "மாமா, இது அளாப்பி" என்றான். ஏமாற்று விளையாட்டு என்று அர்த்தம்.

அவன் சொன்னது சரி. ஒரு பாய்ச்சல் 0.7 நொடி. 420 வேகத்தில் அது 294 பிக்சல் தூரம், 900இல் 630. முதல் மாட்டைக் கடந்து கால் ஊன்றுகிற இடத்திலேயே அடுத்த மாடு படுத்திருந்தால் எந்த விரலாலும் தப்ப முடியாது. முடிவில்லா ஓட்டங்களில் எனக்கே மிகவும் எரிச்சல் தந்தது இதுதான்: என் பிழையால் விழுந்தால் திரும்ப ஓட மனம் வரும், விளையாட்டின் பிழையால் விழுந்தால் வராது. இப்போது இடைவெளி வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது. பாய்ச்சலின் 0.7 நொடியோடு, கண்டு விரல் அசைக்க இன்னொரு 0.35 நொடி. 900 வேகத்தில் குறைந்தது 945 பிக்சல். மாட்டின் மோதல் பெட்டியையும், அதாவது பட்டால் இடறியதாகக் கணக்கிடும் எல்லையையும், படத்தை விடச் சிறிதாக்கினேன், கொம்பு நுனியில் பட்டு விழுவது கொடுமை. உடைந்த மதகின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை பாய அனுமதி உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன்பிறகு மருமகன் அளாப்பி என்று சொல்லவில்லை.

நாலாம் கிழமை அம்மாவிடம் காட்டினேன். அப்போது பெடியனின் பின்னால் ஒரு யானை கலைத்துக்கொண்டு வரும். டெம்பிள் ரன்னில் குரங்குப் பேய், சப்வே சேர்ஃபர்ஸில் காவலரும் நாயும், எனக்கு வன்னி யானை. கனக்க யோசிக்காமல் வைத்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா. "ஏன் தம்பி இவன் ஓடுறான்? ஆர் கலைக்கிறது?"

"யானை, அம்மா."

"பாவம். ஒரு இடத்திலயும் இருக்க விடுறியளில்லையே."

2009 போரில் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாக ஓடினவ அம்மா. சின்னவனாக இருந்த நானும் கூடத்தான் ஓடினேன். அன்றிரவே யானையை எடுத்துவிட்டேன்.

இப்போது முன்னால் ஒரு சிவப்பு பஸ் போகிறது, பெடியன் அதைப் பிடிக்க ஓடுகிறான். 2009இல் அடம் சால்ட்ஸ்மன் செய்த கனபால்ட் என்ற ஓட்ட விளையாட்டில் பெட்டியில் இடறினால் சாவதில்லை, வேகம்தான் குறையும். அதைப் பார்த்து நானும் மாற்றினேன். மாட்டில் இடறினால் பஸ் சற்றுத் தள்ளிப் போகும். கண்ணை விட்டு மறைந்தால் மட்டும் ஆட்டம் முடியும். யானை வந்த விளையாட்டை விட இது எனக்கு எவ்வளவோ பிடித்திருக்கிறது.

பஸ் வந்தபிறகு முறிகண்டியை விட முடியாது. அங்கே றோட்டோரமாகப் பிள்ளையார் கோவில், வாகனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டும். நிற்காத ஓட்டத்தில் எப்படி நிற்பது? பஸ் நிற்கும், பெடியனும் நிற்பான், அதுவரை சேர்த்த கச்சான் (வேர்க்கடலை) பொட்டலங்கள் எண்ணப்படும், விரல் வைத்தால்தான் மறுபடி வெளிக்கிடுவான். வேகம் 900இலிருந்து 600க்கு இறங்கியிருக்கும். முதலில் மூன்று நொடி எண்ணி அனுப்பினேன். "கும்பிட விடு" என்று அம்மா சொன்னதால் எண்ணுவதை எடுத்தேன். கண்ணுக்கும் விரலுக்கும் அந்த ஓய்வு தேவையாகத்தான் இருந்தது. மருமகன் முன்பை விட நீளமாக ஓடுகிறான்.

போன சனிக்கிழமை அம்மா தானே விளையாடி முறிகண்டி வரை வந்தா. கும்பிட்டு, விரல் வைத்து, திரும்ப ஓடினா. கொஞ்சத் தூரத்தில் ஓமந்தைப் பலகை மறுபடி வந்தது. கிளிநொச்சி, பரந்தன் பலகைகளை நான் இன்னும் வரையவில்லை, அதனால் பழையது சுற்றி வருகிறது.

"இதென்ன, முறிகண்டி தாண்டினா வீடெல்லே வரவேணும்?"

எங்கள் வீடு கிளிநொச்சியில். முடிவில்லா ஓட்டத்தில் வீடு வராது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஏன் வரக்கூடாது? ஓட விரும்புகிறவன் பரந்தன் தாண்டி ஆனையிறவுக்கும் ஓடட்டும். மற்றவர்களுக்கு றோட்டோரமாக ஒரு படலை, தள்ளினால் திறக்கவேண்டும். இந்தக் கிழமை அதைத்தான் வரைகிறேன்.