ஒரு கையெழுத்து குறைந்த பத்திரம்

வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் நான் சேர்த்த ஆறரை லட்சம் ரூபாயை எதில் போடுவது என்ற பேச்சு எழுந்தபோது, அப்பா சற்றும் யோசிக்காமல் மனை என்றார். எனக்கு அப்போது 26 வயது. ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று என்பதைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியைத் தாண்டி முதலில் பார்த்த இடத்தில், 'பஞ்சாயத்து அப்ரூவல்' உண்டு என்றார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அனுமதி வேண்டும், ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது என்பது அதற்குள் தெரிந்திருந்ததால், அங்கே அரை மணி நேரத்திற்கு மேல் நிற்கவில்லை.

இரண்டாவது இடத்தில்தான் சறுக்கினேன். டிடிசிபி எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண் இரண்டுமே இருந்தன. இணையத்தில் தேடிச் சரியென்று உறுதி செய்துகொண்ட தைரியத்தில், வக்கீலிடம் காட்டும் முன்பே 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மனைப்பிரிவுக்கான அனுமதி வேறு, நிலம் விற்பவருக்கு உரியதுதானா என்பது வேறு என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வக்கீல் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தின் நகலையும் வாரிசுச் சான்றிதழையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பேனா முனையால் பெயர்களை எண்ணினார். சுயமாகச் சம்பாதித்து நிலம் வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள்: இரண்டு மகன்கள், ஒரு மகள். 1998-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ இரண்டு அண்ணன்மாரின் கையெழுத்து மட்டுமே. "ஏம்மா, இதில் அந்தத் தங்கச்சி எங்கே? அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவதுதான் விடுதலைப் பத்திரம். தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அந்தப் பெண்மணி கையெழுத்திட்டதாக எந்தப் பதிவும் இல்லை. பட்டாவும் அண்ணன்மார் பெயரிலேயே மாறி, பிறகு மனை போட்டவரிடம் போயிருந்தது. பெயரும் முகமும் தெரியாத ஒருவருடைய பங்கில் நான் வீடு கட்டியிருப்பேன் என்ற எண்ணம், பணம் போய்விடுமோ என்ற பயத்தைவிட அதிகமாக உறுத்தியது. மூன்று மாதம் அலைந்த பின் அட்வான்ஸில் 40,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி பத்தாயிரத்தை வக்கீல் 'டியூஷன் ஃபீஸ்' என்றார். அந்த நகைச்சுவையை ரசிக்க எனக்குச் சில காலம் பிடித்தது.

மூன்றாவது மனையில் வரிசையை மாற்றினேன்: பத்திரங்கள், வக்கீல் கருத்து, அளவு, கடைசியில்தான் பணம். சதுர அடி 800 ரூபாய் வீதம் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு, 9,60,000 ரூபாய். வரைபடத்தில் 30-க்கு 40 என்றிருந்த மனையைத் தனியார் சர்வேயர் டேப் பிடித்து அளந்தபோது நீளம் 39 அடிதான் வந்தது. ஓர் அடி என்றாலும் 24,000 ரூபாய். பின்பக்கத்துக் கல்லைப் பெயர்த்துச் சரியான இடத்தில் நட்ட பிறகே கிரயத்துக்கு நாள் குறித்தோம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 67,200 ரூபாய். பதிவுக் கட்டணம் வழக்கமாக 2 சதவீதம். ஆனால் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் அது 1 சதவீதம்தான் என்பதால் 9,600 ரூபாய்தான் ஆனது. பத்திரத்தை அப்பா பெயரில் எழுதலாம் என்று சொன்ன உறவினர்கள், இந்தக் கணக்கைக் காட்டியதும் அமைதியானார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனுக்குக் காத்திருந்தது மூன்று மணி நேரம். புகைப்படமும் கைரேகையும் எடுத்துக்கொண்டு சாட்சிகள் கையெழுத்திட ஆனது பத்து நிமிடம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்ததால் பட்டா மாறுதலுக்குத்தான் சில மாதங்கள் ஆயின.

சேமிப்பு போதாமல் மீதிக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைத்தேன். காலிமனை வாடகை தராது, நகைக்கடன் வட்டியோ நிற்காது. இதை முதலீடு என்று சொல்லும்போது பலரும் இந்த வட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மழைக்குப் பின் மண்டும் கருவேலஞ்செடிகளை வெட்ட ஆண்டுக்கு ஒருமுறை ஆள்கூலியும் உண்டு. இரண்டு வளையல்களை மீட்டாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி.