திறக்கச் சொன்ன கையேடு மூடவும் சொல்ல வேண்டும்

விமானப் பராமரிப்புக் கையேடு எழுதுபவர்களின் கவனம் பெரும்பாலும் டாஸ்க்கின், அதாவது ஒரு பராமரிப்பு வேலைக்கான படிகளின் தொகுப்பின், நடுப்பகுதியில்தான் இருக்கும். எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) கொடுப்பது, எந்த கிரீஸைத் தடவுவது என்று பத்து முறை சரிபார்ப்பார்கள். கடைசிப் பகுதி மட்டும் "விமானத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வரவும்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். அப்படி ஒரு வரி கையேட்டில் இருக்கவே கூடாது.

2005 ஆகஸ்ட் 14 அன்று ஏதென்ஸ் அருகே விழுந்த ஹீலியோஸ் 522 விமானத்தில், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கேபின் அழுத்தக் கசிவுச் சோதனை நடந்தது. அதற்காக 'மேனுவல்' நிலைக்குத் திருப்பிய கேபின் அழுத்தக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் மறுபடி 'ஆட்டோ'வுக்கு வரவில்லை. விமானிகளின் சோதனைகளிலும் அது பிடிபடவில்லை. 121 பேர் இறந்தார்கள். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603-இல், விமானத்தைக் கழுவுவதற்கு முன் ஸ்டேட்டிக் போர்ட்டுகள் (வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்க உதவும் துளைகள்) மேல் ஒட்டிய டேப்பை யாரும் உரிக்கவில்லை. விமானத்தின் உயரமும் வேகமும் தவறாகத் தெரிந்தன. 70 பேர் இறந்தார்கள். இரண்டிலுமே பராமரிப்புக்காகச் செய்த ஒரு தற்காலிக மாற்றம் அப்படியே தங்கிவிட்டது.

ஆகவே வரைவு முடிந்ததும் அதை இரண்டு பத்தியாகப் பிரித்துப் பாருங்கள். இடப்பக்கம், டாஸ்க் மாற்றும் ஒவ்வொரு நிலையும்: திறந்த சர்க்யூட் பிரேக்கர் (திறந்தால் மின்சாரம் நிற்கும், மூடினால் வரும்), திருப்பிய ஸ்விட்ச், மாட்டிய லாக் பின், மூடிய போர்ட், தொங்கவிட்ட எச்சரிக்கை அட்டை. வலப்பக்கம், அதைத் திருப்பும் படியின் எண். வலப்பக்கம் காலியாக இருந்தால் டாஸ்க் முடியவில்லை என்று பொருள்.

"திறந்த பிரேக்கர்களை மூடவும்" என்பதும் போதாது. திறந்தவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். மூடுபவர் வேறு ஆள். பேனல், வரிசை, எண், பெயர் கொண்ட அதே அட்டவணையைக் கடைசியிலும் முழுதாகக் கொடுங்கள். மூடிகளுக்கும் இதே கதிதான்: "மூடிகளை அகற்றவும்" என்று எழுதாமல் எத்தனை, எந்தப் பக்கம், என்ன நிறம் என்று எழுதுங்கள். ஏரோபெருவில் ஒட்டியிருந்தது வெள்ளி நிற டேப். உலோகப் பரப்பின் மேல் அது கண்ணில் படாது.

மிகவும் ஏமாற்றுவது டாஸ்க்குக்குள் டாஸ்க். ஃபிளாப் ஆக்சுவேட்டரை (இறக்கையின் ஃபிளாப் மடிப்பை நகர்த்தும் கருவியை) மாற்றும் டாஸ்க் தொடக்கத்தில் ஒரு பிரேக்கரைத் திறக்கச் சொல்கிறது என்று வையுங்கள். நடுவில் வேறொரு டாஸ்க்கைச் செய்யச் சொல்லிக் கைகாட்டுகிறது. அந்த டாஸ்க்கும் அதே பிரேக்கரைத் திறந்து, தன் முடிவில் முறைப்படி மூடிவிடுகிறது. டெக்னீஷியன் திரும்பி வந்து ஃபிளாப் பகுதிக்குள் கையை விடும்போது சர்க்யூட்டில் மின்சாரம் இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு டாஸ்க்கிலும் பிழையே இல்லை என்பதால், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் எடிட்டர் இதைப் பிடிக்க மாட்டார். முடிந்தால் முழு டாஸ்க்குக்குப் பதில் தேவையான துணை டாஸ்க்கை மட்டும் சுட்டுங்கள். முடியாவிட்டால், திரும்பி வந்ததும் செய்யும் முதல் படியாக "பிரேக்கர் திறந்தும் அட்டை தொங்கியும் இருப்பதை உறுதி செய்யவும்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, எந்தெந்த விமானத்துக்குப் பொருந்தும் என்ற குறிப்பு. திறக்கும் படி எல்லா விமானங்களுக்கும் என்றும், மூடும் படி விமான எண் 001 முதல் 050 வரை என்றும் இருந்தால், 051-க்கான திரையில் மூடும் படி வரவே வராது. பழைய டாஸ்க்கில் புதிய மாடலைச் சேர்க்கும்போது இது எளிதில் நுழைந்துவிடும். ஜோடிப் படிகளின் குறிப்பை எப்போதும் ஒருசேரத் திருத்துங்கள்.

மொழியைப் பொறுத்தவரை எஸ்டிஇ (Simplified Technical English, எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்) விதிகள் பெரிய துணை. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்குள் நிற்க வேண்டும். பொதுவாக ஒரு வாக்கியத்துக்கு ஒரே கட்டளை. ஆளுக்கு ஆபத்து என்றால் வார்னிங், பொருளுக்குச் சேதம் என்றால் காஷன். இரண்டும் அந்தப் படிக்கு முன்பே வர வேண்டும். இறுதிப் பகுதிக்கும் இவை தேவை, ஏனென்றால் ஹைட்ராலிக் அழுத்தம் திரும்பும் நேரம் அதுதான். கன்ட்ரோல் லீவரின் நிலையும் ஃபிளாப்பின் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் அழுத்தம் வந்த நொடியில் ஃபிளாப் நகரும். "ஆட்களும் கருவிகளும் விலகியிருப்பதை உறுதி செய்யவும்" என்ற வார்னிங்கை அழுத்தம் கொடுக்கும் படிக்கு மேலேயே வையுங்கள், டாஸ்க்கின் முதல் பக்கத்தில் அல்ல.

நேரடிச் சோதனையின்போது, முதல் பாதியைப் பார்க்காத ஒருவரிடம் இறுதிப் பகுதியை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகு விமானத்தில் 'பறக்கும் முன் அகற்றவும்' என்ற ஒரு சிவப்புப் பட்டை தொங்கினாலும் வரைவு திரும்பி வர வேண்டும்.