மீட்டரில் 0 ஓம், எர்த்தில் 2.1 வோல்ட்

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரே சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பத்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். பேட்டரி மாற்றியாச்சு, செல்ஃப் மோட்டாருக்கு புஷ், கார்பன் எல்லாம் போட்டாச்சு. கடைசியில் குற்றவாளி இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை, செல்ஃபுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. வண்டி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இல்லாத பழைய டீசல் பிக்கப். சென்னை காசிமேட்டில் மீன் லோடு ஓடியது. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் சேஸிஸில் வழிந்த வண்டி என்றால் முதல் சந்தேகமே எர்த்தின் மேல்தான் வந்திருக்க வேண்டும்.

வராததற்குக் காரணம் ஓம் மீட்டர். பட்டையின் இரண்டு முனையிலும் வைத்தால் பீப் அடிக்கிறது, 0 காட்டுகிறது. மீட்டர் அனுப்புவது சில மில்லியாம்ப். பத்து இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே அதற்குப் போதும். செல்ஃப் இழுப்பதோ 150, 200 ஆம்ப். 0.01 ஓம் மிச்சம் இருந்தால்கூட 200 ஆம்பில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த 0.01-ஐச் சாதாரண மீட்டரில் பார்க்கவே முடியாது.

அதனால் லோடில், அதாவது செல்ஃப் கரண்ட் இழுக்கும்போதே, எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க டீசல் பம்பின் ஃப்யூயல் கட் சோலனாய்டு வயரைக் கழற்றி முனையை டேப் சுற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, இன்னொருவர் சாவியைத் திருப்ப, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பார்த்த கணக்கு இது. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, செல்ஃப் அடிக்கும்போது 11.2. ஆனால் செல்ஃப் மோட்டாரின் ஸ்டட்டுக்கும் அந்த மோட்டாரின் பாடிக்கும் நடுவில் 8.75 மட்டும். மீதி 2.45 எங்கே? பாசிட்டிவ் கேபிளில் 0.25, பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸ் வரை 0.1, சேஸிஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 2.1. அவ்வளவுதான், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. மீட்டர் முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலேயே குத்துங்கள், கிளாம்பில் குத்தினால் கிளாம்பின் கோளாறு கணக்கில் வராது.

ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி இறுகியதற்கும் இதேதான் காரணம். எர்த் பட்டை விட்டுக்கொடுத்தால் கரண்ட் திரும்பிவர வேறு வழி தேடும். கேபிளின் இரும்புக் கம்பி வழியாகப் போய் உள் உறையை உருக்கிவிடும்.

புதுப் பட்டைக்கு 35 ஸ்கொயர் எம்எம் கேபிள் அரை மீட்டர், முனைகளில் போல்ட் மாட்ட இரண்டு செம்பு லக். ஜி.பி. ரோட்டில் ரெடிமேடாகக் கிடைப்பதை வாங்குவதானால் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதும் வேண்டாம், ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையில் அழுத்தித் தரச் சொல்லுங்கள். சேஸிஸில் பெயின்டையும் துருவையும் எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு வாஸ்லின். முதலிலேயே வாஸ்லின் அப்பி மேலே லக்கை வைப்பவர்களை என்ன சொல்வது!

இப்போது சேஸிஸ்–இன்ஜின் 0.1. செல்ஃபுக்கு 9.75 கிடைக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மட்டும் 10.4-க்கு இறங்குகிறது, பயப்பட வேண்டாம், தடை போனதால் மோட்டார் முழுக் கரண்டையும் இழுக்கிறது.

பின் லைட் எர்த் இன்னும் பாக்கி. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது.

அதற்குள் இன்னொன்று மாட்டியது. வண்டி சும்மா நிற்கும்போதே 180 மில்லியாம்ப் ஓடுகிறது, ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் ஹவர். மீட்டரைப் பேட்டரி நெகட்டிவோடு தொடரில் போட்டு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கியும் குறையவில்லை. (மீட்டர் தொடரில் இருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்தால் மீட்டரின் 10 ஆம்ப் ஃபியூஸ் காலி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.) நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரை (பேட்டரிக்குப் போகும் தடித்த வயர்) எடுத்து மறுபடி பார்த்தால் 10 மில்லியாம்ப். கரண்டை ஒரே பக்கம் விடவேண்டிய டயோடு கசிகிறது. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஏசி ஸ்கேலில் 0.9 வோல்ட், 0.5-க்குள் இருக்க வேண்டியது. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வேக்யூம் பம்ப் சீலும் ஆயில் விடுகிறது, கார்பன் பிரஷ் நனைந்திருக்கும். பிரிக்கும்போது டயோடு பிளேட், பிரஷ், சீல் மூன்றையும் ஒரே கையில் மாற்றிவிட வேண்டியதுதான். அதுவரை இரவில் நெகட்டிவ் டெர்மினல் கழன்றே இருக்கும்.